கீச் சத்தம் போடாத கம்பி

மிக முக்கியமான அறிவிப்பு. எல்லாரும் அவரவர் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கவனிக்கவும். அடுப்பில் பால் இருந்தால் மட்டும் இறக்கி வைத்துவிட்டு வரவும்.

அரியலூரில், லாரிகள் போகும் பெரிய சாலையோரம், பச்சை கேட் போட்ட வீட்டில், ஒரு மாண்டலினுக்குக் கம்பி மாற்ற முடிவு செய்யப்பட்டிருக்கிறது.

செய்தி அவ்வளவுதான். ஆனால் ராஜதுரை மாமா இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட விதத்தைப் பார்த்தவர்கள், ஊருக்குப் புது மேம்பாலம் வரப்போகிறது என்றே நினைத்துக்கொண்டார்கள். ‘நமது குடும்ப வரலாற்றில் ஒரு திருப்புமுனை’ என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு ரோஜாப்பூப் படம் வைத்து, கடைசியில் ‘இவண், ராஜதுரை, ஸ்டோர் கீப்பர்’ என்று முடித்திருந்தார். மாமா ஒரு சிமென்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பர். அது தெரியாதவர் அந்தக் குழுவில் யாரும் கிடையாது. இருந்தாலும் போட்டிருந்தார்.

மாண்டலின் யாருடையது? நர்மதாவுடையது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிரச்சினை அவளுடைய தம்பியிடமிருந்து ஆரம்பித்தது. தம்பி மணிமாறனுக்கு ஒன்பது மாதம். பகலில், சாப்பாட்டு இடைவேளைக்கு வீட்டுக்கு வரும் அக்கா மாண்டலின் வாசித்தால்தான் தூளியில் தூங்குவான். நீலாம்பரி ராகத்தில் ஒரு சின்னத் தாலாட்டு. முதல் வரியில் கையைக் காலை உதறுவதை நிறுத்துவான். இரண்டாவது வரியில் கண் சொருகும். மூன்றாவது வரியில், தடிமனான கம்பியின் மேல் விரலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும்.

கீச்!

பொட்டென்று கண்ணைத் திறந்துவிடுவான். பிறகு அழுகை.

இத்தனைக்கும் வாசலில் நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். ஒவ்வொன்றும் யானை பிளிறுவதுபோல ஹாரன் அடிக்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். மணிமாறன் அசைய மாட்டான். லாரிக்கு எழாதவன், கீச்சுக்கு எழுவான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இங்க பாருடி நர்மதா. தூங்க வைக்கிறதும் நீதான், எழுப்பி விடுறதும் நீதான். பாதித் தூக்கத்துல எழுந்தா சாயங்காலம் வரைக்கும் அழுவுறான். நானும் கொஞ்சம் கண்ணசரணும்ல?”

“நான் வேணும்னேவா பண்றேன்? கம்பிதாம்மா கத்துது!”

“யாரு கத்துனா என்ன? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறமும் கீச்சுன்னுச்சுன்னா, மாண்டலின் பரண் மேல போயிடும். ஒரு வாரம் அழுவான், அப்புறம் மறந்துடுவான். அவன் பள்ளிக்கூடம் போறப்ப எறக்கிக்கலாம்.”

நர்மதா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மணிமாறன் பள்ளிக்கூடம் போகும்போது அவள் பத்தாம் வகுப்பில் இருப்பாள். பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை எந்த வீட்டில் மாண்டலினைத் தொட விடுவார்கள்? பரண் மேல் போனால் போனதுதான்.

அவள் முதலில் பாட்டு சாரிடம் கேட்டாள். பாலசுந்தரம் சார் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுப்பவர். போனில் அவள் சொன்னதை முழுதாகக் கேட்கும் முன்பே பதில் வந்தது.

“கீச்சுங்கிறது கம்பியில இல்லம்மா. மனசுல இருக்கு. மனசு அலைபாஞ்சா நாதம் சிதறும்.”

சாரின் மாண்டலினும் விரல் இறங்கும்போது கீச்சென்று கத்தும். சாரின் மனசு எங்கே அலைகிறது என்று கேட்க நினைத்தாள். மரியாதைக்காகக் கேட்கவில்லை.

அடுத்த வீட்டுச் செல்வம்மாள் அத்தையோ மனசையெல்லாம் தேடிப் போகவில்லை.

“கதவு கீச்சுன்னா என்ன பண்ணுவோம்? எண்ணெ விடுவோம். இதுக்குப் போய் வாத்தியார்கிட்ட கேக்குறாளே, புள்ள!”

நர்மதா ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குள் அத்தை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து, எட்டுக் கம்பிக்கும் தலைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டார். கீச் சத்தம் உண்மையிலேயே நின்றது. கூடவே பாட்டும் நின்றது. ஒரு சுரத்தில் வைத்த விரல் வழுக்கிக்கொண்டு போய் அடுத்த சுரத்தில் நின்றது. கணீரென்று கேட்ட மாண்டலின் ஈர மூட்டையைத் தட்டியதுபோல ‘தொப் தொப்’ என்றது. மறுநாள் காலையில் அதன் மேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நர்மதா அப்பாவின் பழைய பனியனை எடுத்து, பள்ளிக்கூடம் போகும் நேரம் வரை துடைத்தாள்.

“அப்பா, நீங்களாச்சும் ஏதாவது சொல்லுங்களேன்!”

அப்பா முத்துசாமி அனுபவசாலி. “எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாயிடுச்சும்மா” என்று கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் ராஜதுரை மாமா களத்தில் இறங்கினார். மாமா, அம்மா வளர்மதியின் அண்ணன். மாண்டலினை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதைத் தினமும் ஒரு முறையாவது ஞாபகப்படுத்துவார்.

“வளர்மதி, நீ கவலய விடு. கம்பிய மாத்திட வேண்டியதுதான். அந்த வகையில பாத்தா, கொள்முதல்ங்கிறது ஒரு கலை. இருபது வருசமா நான் பாக்காத கம்பியா? இனிமே இத நான் பாத்துக்கறேன்.”

“எந்தக் கம்பின்னு எப்படி மாமா கண்டுபிடிப்பீங்க?” என்றாள் நர்மதா.

“கம்பின்னா கம்பி. பெரியவங்க பேசறப்ப குறுக்க வராத.”

மறுநாள் மாமா ஒரு நண்பர் மூலம் கம்பி தருவித்துக்கொண்டு வந்தார். கிட்டார் கம்பி. ஒரு உறைக்குள் ஆறு கம்பி. மாண்டலினுக்கு எட்டு வேண்டும் என்பதால் இரண்டு உறை வாங்கியிருந்தார்.

“மிச்சம் நாலு ஸ்பேர்! எப்புடி?” என்று மார்பை நிமிர்த்தினார்.

நர்மதா ஒரு கம்பியை எடுத்துப் பார்த்தாள். அதன் முனையில் குட்டிப் பித்தளை உருண்டை ஒன்று இருந்தது.

“மாமா, மாண்டலின்ல அடியில கொக்கிதான் இருக்கு. பழைய கம்பி முனையில வளையம் இருக்கும், அதக் கொக்கியில மாட்டணும். இதுல உருண்டை இருக்கே, எப்படி மாட்டுறது?”

“அதெல்லாம் மாட்டுற விதத்துல மாட்டுனா மாட்டும்.”

சொல்லிக்கொண்டே, எட்டுப் பழைய கம்பிகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தி உருவினார். டொக்கென்று ஏதோ விழுந்தது. மாமாவின் முகம் வெளுத்தது.

“ஐயையோ, உடஞ்சிடுச்சா?”

உடையவில்லை. விழுந்தது குதிரை. கம்பிகளைத் தூக்கிப் பிடித்திருக்கும் சின்ன மரக்கட்டைக்கு அதுதான் பெயர். அது ஒட்டி வைத்ததல்ல. கம்பிகள் அழுத்திப் பிடிப்பதால்தான் நிற்கிறது. மொத்தக் கம்பியையும் உருவினால் என்ன செய்யும், பாவம்?

கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். மிக்ஸிக்குப் பின்னால் தேடினார்கள். மாமா தன் சட்டைப் பையிலும் தேடினார். கடைசியில் அது மணிமாறனிடம் கிடைத்தது. கரும்பைக் கடிப்பதுபோல இரண்டு பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு முழுக்க அவன் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

பித்தளை உருண்டைகள் கொக்கியில் மாட்டவே இல்லை. மாமா இடுக்கியால் அழுத்தினார். பல்லால் கடித்தார். “மாண்டலின் செஞ்சவன் தப்பாச் செஞ்சிருக்கான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நர்மதாவுக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. கோபம் அதிகமாக வந்ததால் அழ மறந்துவிட்டாள். குதிரையைக் கழுவித் துடைத்து, மாண்டலினில் அது நின்றிருந்த தடத்தைத் தேடி அதே இடத்தில் நிறுத்தினாள். பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள்.

மாட்டும்போதே ஒவ்வொரு கம்பி மேலும் விரலை இழுத்துப் பார்த்தாள்.

மெல்லிய கம்பிகள் நான்கும் சத்தமே போடவில்லை. அவை வெறும் ஒற்றைக் கம்பிகள், தையல் ஊசி மாதிரி வழவழப்பு. தடிமனான நான்கும்தான் கத்தின. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி நூல்கண்டு மாதிரி இன்னொரு கம்பி. நகத்தால் கீறினால், சீப்பின் பல்லைக் கீறியதுபோல ‘கர்ர்ர்’ என்றது.

“அட!” என்றாள் நர்மதா. “மேடு பள்ளம்! விரல் இதுல ஏறி எறங்குறப்பதான் கத்துது. மனசும் இல்ல, எண்ணெயும் இல்ல.”

சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. மணிமாறன் மட்டும் இருந்தான். அவன் மறுபடியும் குதிரையைக் கேட்டுக் கையை நீட்டினான்.

சனிக்கிழமை பாட்டு வகுப்பு முடிந்ததும் நர்மதா மாமாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் போனாள். “நான்தான் அவளக் கூட்டிக்கிட்டுப் போனேன்” என்று மாமா சொல்வார். அதை நம்ப வேண்டாம். ஒரு தடித்த பழைய கம்பியைக் கழற்றி, வளையமாகச் சுருட்டி, பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். பஸ் குன்னத்தைத் தாண்டும்வரை மாமா கொள்முதல் கலையைப் பற்றிப் பேசினார். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை. வாசலில் பேண்டு செட் டிரம் தொங்கியது. உள்ளே ஆர்மோனியமும் கிரிக்கெட் பேட்டும் செல்போன் கவரும் சேர்ந்து இருந்தன. கடைக்கார அம்மா அமிர்தவல்லி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், மாண்டலின் கம்பி வேணும்,” என்றார் மாமா. “இருக்கறதுலயே கனமா, உறுதியா, வருசக்கணக்குல உழைக்கற மாதிரி.”

அமிர்தவல்லி நிமிர்ந்தார். “வேலி போடவா சார்?”

நர்மதா சிரிப்பை அடக்க டிரம்மைப் பார்த்துக்கொண்டாள்.

“அந்த டப்பாவுல கெடக்கு, பாத்து எடுத்துக்கோங்க. எனக்கு இதப்பத்தி அவ்வளவாத் தெரியாது. கவர்தான் நல்லாப் போவுது. ஆனா புது உறையப் பிரிச்சா வாங்கிடணும்.”

மாமா டப்பாவைக் கவிழ்த்தார். உடனே ஒரு உறையைத் தூக்கிப் பிடித்தார். தங்க நிற எழுத்து. நடுவே ஒரு மின்னல் படம்.

“இதுதான்! பாரு, மின்னல் போட்டிருக்கான். சும்மா போடுவானா?”

நர்மதா உறையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பிளாஸ்டிக் வழியாகக் கம்பி தெரிந்தது. நூல்கண்டுச் சுற்று. மேடு பள்ளம். இதுவும் கத்தும், மின்னல் வேகத்தில் கத்தும்.

டப்பாவின் அடியில் ஏற்கெனவே பிரித்த உறை ஒன்று கிடந்தது. மங்கிப்போன நீல நிறம். ‘மாண்டலின், ஃபிளாட்வவுண்ட்’ என்று எழுதியிருந்தது.

“அத்தை, இது?”

“அதுவா? ஒருத்தரு ஆர்டர் குடுத்து வரவழைச்சாரு. ஒன்னு மாட்டிப் பாத்துட்டு, மந்தமா இருக்கு, கணீர்னு வரல, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மேல சுத்தியிருக்கறது உருட்டுக் கம்பி இல்லியாம். பட்டையா, நாடா மாதிரியாம். எட்டும் அப்படியே இருக்கு.”

நர்மதா ஒரு கம்பியை வெளியே எடுத்தாள். முனையில் வளையம் இருந்தது. நல்லது. நகத்தால் கீறினாள். சத்தமே இல்லை. இன்னொரு முறை கீறினாள். தோசைக்கல்லில் எண்ணெய் ஓடுவதுபோல நகம் ஓடியது.

“மாமா! இதுதான் மாமா!”

“என்னது? அடுத்தவன் வேணாம்னு எறிஞ்சதா?” மாமா அதிர்ந்துபோனார். “கணீர்னு இல்லாத கம்பி எதுக்கு? நாளைக்கி நீ மேடையில உக்காந்து வாசிச்சா கடைசி வரிசை வரைக்கும் கேக்க வேணாமா?”

அந்தக் கணீர் நர்மதாவுக்கும் பிடிக்கும். மாண்டலினை மடியில் வைத்ததும் முதலில் அதைத்தான் தட்டிக் கேட்பாள். தடித்த கம்பியில் அது போய்விடும். மெல்லிய நான்கில் மட்டும் இருக்கும். பரண் மேல் போனால் எட்டிலும் இருக்காது.

“மாமா, நம்ம வூட்ல முதல் வரிசை, கடைசி வரிசை எல்லாமே அந்தத் தூளிதான்.”

“இருந்தாலும் கௌரவம்னு ஒன்னு இருக்குல்ல?”

இனி விவாதித்தால் கடை மூடும்வரை நடக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பென்சில் டப்பாவைத் திறந்தாள்.

“மாமா, ஸ்டோர்ல சரக்கு வந்தா நீங்க கையால தடவிப் பாத்துத்தானே எடுப்பீங்க?”

“பின்ன? என் விரலுக்குத் தப்பிச்சு ஒரு போல்ட்டு உள்ள போவ முடியாது.”

“அப்ப கண்ண மூடிக்குங்க. ரெண்டு கம்பி தரேன். நகத்தால தடவிப் பாத்துச் சொல்லுங்க.”

மாமா கண்ணை மூடினார். முகத்தில் ஒரு மகான் களை வந்தது. அமிர்தவல்லியும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பழைய கம்பி மாமாவின் நகத்தில் ‘கர்ர்ர்’ என்றது. நீல உறைக் கம்பி பேசாமல் போனது. மறுபடியும் தடவினார். கடைக்கு வெளியே போன பஸ்ஸின் சத்தம்தான் கேட்டது.

“ம்ம்ம்... ரெண்டாவது வழவழன்னு இருக்கு. இதுதான் சரக்கு.” கண்ணைத் திறந்தார். “இததான் நான் மொதல்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்!”

நர்மதா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். “ஆமா மாமா” என்றாள்.

அன்று சாயங்காலமே கம்பி மாற்றும் வேலை நடந்தது. “எல்லாத்தையும் ஒரே அடியா உருவிடுவோம்” என்று மாமா கையை நீட்டினார். நர்மதா மாண்டலினைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு கம்பியைக் கழற்றினாள், அதே இடத்தில் புதுக் கம்பியை மாட்டினாள். பிறகுதான் அடுத்தது. தடித்த நான்கை மட்டும் மாற்றினாள். குதிரை நகரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. மாமா விழாவே ஏற்பாடு செய்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். பாலசுந்தரம் சாருக்குச் சால்வை வாங்கியிருந்தார். செல்வம்மாள் அத்தை முன்னாலேயே இடம் பிடித்துவிட்டார். அன்றைக்கு ஷிப்ட் இல்லாததால் அப்பாவும் மாட்டிக்கொண்டார். மைக் கொண்டுவருவதாகவும் மாமா சொன்னார். “மைக் வந்துச்சுன்னா ரெண்டு பேரும் வெளியில” என்று அம்மா சொன்ன பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

மணிமாறனைத் தூளியில் போட்டார்கள். அவன் கையைக் காலை உதறி, ‘ங்கா’ என்று கத்தினான். நர்மதா மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டினாள்.

“ஆரம்பிக்கட்டுமா?”

“பொறு, பொறு. அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை,” என்றார் மாமா.

“அண்ணே, மெதுவாப் பேசுண்ணே. பய இன்னும் தூங்கல,” என்றாள் அம்மா.

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்ந்த, ஏற்ற இறக்கம் இல்லாத, ஒரே குரல். “இந்தக் கம்பிய நாங்க கண்டடைஞ்ச வரலாறு... அந்த வகையில பாத்தா... கொள்முதல்ங்கிறது...” பெரம்பலூர் போய், சிமென்ட் ஆலைக்கு வந்து, இருபது வருச அனுபவத்தைச் சுற்றி, மறுபடியும் பெரம்பலூர் போனார். பாலசுந்தரம் சாரின் தலை சால்வைக்குள் இறங்கியது. அப்பா கொட்டாவியைத் துண்டால் மூடினார்.

“...என்று கூறி, இப்போது நர்மதாவை அழைக்கிறேன்.”

நர்மதா வாசித்தாள். முதல் வரி. இரண்டாவது வரி. பரணின் ஏணி அவளுக்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

மூன்றாவது வரி. தடித்த கம்பி. விரலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கீச் இல்லை.

சுரம் மட்டும் இறங்கியது, யாரோ வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று பாடுவதுபோல. கணீர் இல்லைதான். ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது. வேண்டுமென்றே இன்னொரு முறை இழுத்தாள். அதற்கும் கீச் இல்லை.

அம்மா எழுந்து தூளியை விலக்கிப் பார்த்தாள். மணிமாறன் வாயைத் திறந்துகொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“நர்மதா,” என்றாள் அம்மா, மெதுவாக. “பரண்ல எடம் இல்லடி. மாண்டலின் இங்கயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் பாயை விரித்துத் தூளிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

“மனசு ஒருமைப்பட்டுச்சு, நாதம் வசப்பட்டுச்சு,” என்று விழித்துக்கொண்ட பாலசுந்தரம் சார் சொன்னார். “என்னோட எண்ணெ உள்ள ஊறியிருக்கும்ல,” என்று செல்வம்மாள் அத்தை கிசுகிசுத்தார். மாமா நாற்காலியில் சாய்ந்து, ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியாம்மா, நான் எடுத்த கம்பியோட மகிமைய? கொழந்தய எப்புடித் தூங்க வச்சிருக்கு!”

நர்மதா தலையை ஆட்டினாள். தூளிக் கயிற்றைப் பிடித்திருந்த அவளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். மாமாவின் முகம் அவ்வளவு பூரித்துப்போயிருந்ததால் அதை அவள் சொல்லவில்லை.

அவள் கம்பியைத் தொடுவதற்கு வெகு முன்பே, மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே, மணிமாறன் தூங்கிவிட்டான்.